புதுக்கோட்டை – காரைக்குடி, மூன்று நாள்: பாறை ஏறணும், பழசு பார்க்கணும், நல்லா சாப்பிடணும்

சிறுவாணித்தண்ணி கேட்கிறார்:

வணக்கம். ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது. கோவையிலிருந்து சொந்தக் காரில் கிளம்புகிறோம். நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கும் பையன், என் மாமியார். ஊட்டியும் கொடைக்கானலும் வேண்டாம் என்பதில் நாலு பேருக்கும் ஒரே கருத்து. எங்கள் வீட்டில் இதெல்லாம் அபூர்வம், அதனால் உடனே பிடித்துக்கொண்டேன்.

பையனுக்கு ஏறுவதற்குப் பாறை வேண்டும். வீட்டுக்காரருக்குக் கல்வெட்டு. அத்தைக்கு முழங்கால் வலி, நாலு படி என்றாலே யோசிப்பார். ஆனால் பழைய வீடு என்றால் உயிர், சாப்பாட்டில் நல்ல ரசனை. எனக்கு மூன்று நாள் அடுப்படிப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

கேள்விகள்: புதுக்கோட்டையில் தங்குவதா, காரைக்குடியிலா? சித்தன்னவாசல் ஓவியம் அழிந்துபோய்விட்டது, போவது வீண் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள், உண்மையா? செட்டிநாட்டுச் சாப்பாடு முழுக்கக் காரம்தானா? பையன் மிளகாயைக் கண்டாலே ஓடுவான். அலுவலக நண்பர் ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார், மூன்று நாளில் 19 இடம். படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது.

நார்த்தாமலை நாடோடி:

அந்தத் தாளை முதலில் கிழித்துப் போடுங்கள். புதுக்கோட்டைப் பக்கம் கோயிலும் குகையும் கிலோமீட்டருக்கு ஒன்று கிடக்கும். எல்லாவற்றுக்கும் இறங்கி ஏறினால் கடைசியில் கார்க் கதவுதான் ஞாபகம் இருக்கும்.

நான் இந்த ஊர்க்காரன். வெளியூர்ச் சொந்தம் வந்தால் கூட்டிக்கொண்டு அலையும் வேலை என் தலையில்தான் விழும். என் கணக்கு இதுதான்: பாறை என்றால் காலை பத்தரைக்குள் அல்லது மாலை நாலுக்கு மேல். ஜனவரியிலும் எங்கள் பக்கத்து வெயில் உச்சியில் நின்றால் சும்மா விடாது, பாறையில் ஒதுங்க ஒரு மரம் இருக்காது. நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் கூரைக்கும் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை. கரூர் தாண்டியதும் திருச்சிக்குள் நுழையாதீர்கள். குளித்தலை, மணப்பாறை வழியாக விராலிமலைக்கு வந்துவிடலாம். மணப்பாறையில் முறுக்கு வாங்காமல் வந்தால் அத்தை உங்களை மன்னிக்க மாட்டார். விராலிமலை முருகனுக்குச் சுருட்டு வைத்துப் படைப்பார்கள், அங்கே சுற்றித் திரியும் மயில்களைப் பையன் பார்க்கட்டும். மலையேற வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கிருந்து மதுரைச் சாலையில் கொஞ்சதூரம் போனால் கொடும்பாளூர். இங்கே அத்தையையும் கட்டாயம் இறக்குங்கள். மூவர் கோயில் சமதரையில், புல்வெளிக்கு நடுவே இருக்கிறது. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன் தனக்கும் தன் இரண்டு மனைவியருக்குமாக வரிசையாக மூன்று கோயில் எடுத்தான். இப்போது இரண்டுதான் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். எனக்கு அந்த மூன்றாவது காலியிடம்தான் பிடிக்கும், ஏன் என்று கேட்காதீர்கள்.

சாயங்காலம் குடுமியான்மலை. உங்கள் வீட்டுக்காரருக்கான இடம். கோயிலை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது, பல்லவ கிரந்த எழுத்து, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். வழக்கமான தானம், நிலம், எல்லைச் சங்கதி எதுவும் அதில் இல்லை. ஸ்வரங்கள் நாலு நாலாகக் கோத்து வரிவரியாகப் போகின்றன. ருத்ராசாரியரின் சீடனான ஒரு அரசன் மாணவர்களுக்காக எழுதிப் போட்ட பயிற்சி. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்களும் அத்தையும் முன்மண்டபச் சிற்பங்களைப் பாருங்கள்.

சனிக்கிழமை காலை சித்தன்னவாசல், பாறையில் குடைந்த சமணக் கோயில். ஓவியம் அழிந்துவிட்டது என்பது பாதி உண்மை. சுவரில் ஒன்றுமில்லை, விதானத்திலும் தூண் தலைப்பிலும் மிச்சம் இருக்கிறது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் மங்கலான பச்சைத் திட்டுதான் தெரியும். ‘இவ்வளவுதானா’ என்று பெரும்பாலோர் அந்த நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். கண் பழகப் பழக ஒரு தாமரைக் குளம் மேலே எழும்பி வரும். இலை, மொட்டு, மீன், அன்னம், யானை, எருமை, குளத்துக்குள் இறங்கிப் பூப்பறிக்கும் ஒரு ஆள். அவன் விரல் தாமரைத் தண்டைப் பிடித்திருக்கும் விதத்தை மட்டும் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் குடைவரையைப் புதுப்பித்ததாக அங்கேயே கல்வெட்டு சொல்கிறது.

ஆனால் பையனுக்கு உண்மையான விருந்து ஏழடிப்பட்டம். அதே குன்றில் தனியாக ஏற வேண்டும். முகடு தாண்டி மறுபக்கம் இறங்கினால் குறுகலான பாதை, ஒருபுறம் கம்பித் தடுப்பு, கீழே பள்ளம். கடைசியில் ஒரு குகைத் திண்ணை, அதில் சமணத் துறவிகளுக்கு வெட்டிய 17 கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோல் கல்லையே மேடாக விட்டிருக்கிறார்கள். ஒரு படுக்கை ஓரத்தில் தமிழின் பழைய வரிவடிவமான தமிழி எழுத்து, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தையது. படுத்துப் பார்க்கிறேன் என்பான், விடாதீர்கள். அத்தையை அன்று காலை அடிவாரப் பூங்காவில் விட்டுவிடலாம்.

மதியம் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம், 1910இல் தொடங்கியது. வெள்ளி விடுமுறை, அதனால்தான் சனிக்குத் தள்ளினேன். மாலை நார்த்தாமலை. விஜயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்த கோயில், சாயும் வெயில் நேராக அதன்மேல் விழும். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். எதிரே பாறையில் குடைந்த பெருமாள் குகையில் ஆளுயரத்தில் 12 திருமால் உருவங்கள், ஏறக்குறைய ஒரே மாதிரி. ஏற்றம் கடினம் இல்லை, வெறும் பாறைச் சரிவு.

ஞாயிறு காலை திருமயம் கோட்டை, பிறகு காரைக்குடியில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புங்கள். இரண்டு ராத்திரியும் புதுக்கோட்டையில் தங்கினால் போதும்.

வளவுவீட்டு ஆச்சி:

தம்பி நாடோடி பாறையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்தை ஒரு மதியச் சாப்பாட்டோடு முடித்துவிட்டாரே! அம்மா சிறுவாணி, சனிக்கிழமை ராத்திரியே காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தானுக்கு வந்துவிடுங்கள். பழைய வீடுகளையே தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். உங்கள் அத்தை ஒரு ராத்திரி வளவில், அதுதான் வீட்டு நடு முற்றத்தில், உட்கார்ந்து நிலா பார்க்கட்டும், ஓட்டல் அறையில் என்ன இருக்கிறது?

வீட்டைப் பார்க்கும்போது பர்மாத் தேக்கையும் இத்தாலிப் பளிங்கையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வளவைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. இத்தனை பெரிய வீட்டில் ஒரு புள்ளிக்குச் சொந்தமானது அந்தச் சின்ன அறைதான், மற்றதெல்லாம் பொது. அத்தைக்கு இது சட்டென்று புரியும், அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்தானே. முகப்பில் திண்ணைக்கு நாலைந்து படி இருக்கும், அதற்கு மட்டும் கை கொடுங்கள்.

காரம் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் சமையலில் முன்னால் நிற்பது மணம். சோம்பு, மிளகு, கல்பாசி, மராட்டி மொக்கு. கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் அந்தச் சிவப்பு மசாலா ஊர் ஊராகச் ‘செட்டிநாடு’ என்று பெயர்ப்பலகை மாட்டியவர்கள் செய்த காரியம். உப்புக்கறி மட்டும் வரமிளகாய் தூக்கலாக இருக்கும், அதை நீங்கள் சாப்பிடுங்கள். பையனுக்குக் காலையில் இடியாப்பமும் கோசமல்லியும் சொல்லுங்கள், கத்திரிக்காயை மசித்துச் செய்வது, உறைப்பைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். இனிப்புக்குக் கவுனி அரிசி, பால் பணியாரம், கந்தரப்பம். கவுனி அரிசி கறுப்பாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பான். ராத்திரி முழுக்க ஊறவைத்து வேகவிட்டு, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் போட்டுக் கிளறியது. ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டால் போதும்.

வெள்ளைப் பணியாரத்தைச் சூடாகச் சுட்டுப் போடும் இடத்தில் மட்டும் சாப்பிடுங்கள். ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளப்போம். அவ்வளவுதான் உளுந்து. ஒரு பிடி கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கல். கரண்டியால் ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றினால் உள்ளே போய்ப் பூரித்து மேலே வரும், ஓரம் சிவக்குமுன் எடுத்துவிட வேண்டும். ஆறிப்போனதைச் சாப்பிட்டுவிட்டு ‘என்ன பெரிய பணியாரம்’ என்று சொல்லாதீர்கள். தங்கும் இடத்தில் முதல் நாளே சொல்லிவைத்தால்தான் கவுனியும் பணியாரமும் கிடைக்கும்.

ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் செய்வதையும் பையனுக்குக் காட்டுங்கள். கண்ணாடிப் பலகை மேல் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தித் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவார்கள். கண்ணாடியில் பட்ட முகம்தான் அந்த வழவழப்பு. ஞாயிறு வேலை நடக்குமா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்மாய்க்கரை:

எல்லோரும் கல்லையும் சோற்றையும் பேசுகிறீர்கள், ஜனவரியில் வரும் விருந்தாளிகளை மறந்துவிட்டீர்களே. காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், திருப்பத்தூர் தாண்டிக் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கேதான். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தை கொத்தி நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன் என்று கிளை தெரியாமல் உட்கார்ந்திருக்கும். குஞ்சுகள் பயப்படும் என்று இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கரைவரை கார் போகும், அத்தை கண்டிப்பாகப் பார்க்கலாம். திண்டுக்கல் வழியாகக் கோவை திரும்பினால் பெரிய சுற்றும் இல்லை.

ஒரு வேண்டுகோள்: நார்த்தாமலையைத் தள்ளிவிட்டு ஆவுடையார்கோயிலைச் சேருங்கள். அந்தக் கொடுங்கையை, கூரை ஓரத்தில் வளைந்து இறங்கும் தாழ்வாரத்தை, கல் என்றே நம்ப முடியாது.

நார்த்தாமலை நாடோடி:

கண்மாய்க்கரை அண்ணே, ஆவுடையார்கோயில் அறந்தாங்கிக்கும் அப்பால். இவர்கள் போகிற திசைக்கு அது நேர் எதிர். அதைத் தனியாக ஒருநாள் வைத்துக்கொண்டு பார்க்கிற கோயில், நாலு பேர் காரில் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது ஓடிப் பார்ப்பதல்ல. நார்த்தாமலையை விட்டுத்தர மாட்டேன், பெயரைப் பார்த்தாலே தெரியும்.

ஆச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், இரண்டாம் ராத்திரி கானாடுகாத்தான். நார்த்தாமலையில் இருட்டுமுன் இறங்கிவிட்டால் புதுக்கோட்டை, திருமயம் வழியாக நேர்ச்சாலை.

சிறுவாணித்தண்ணி:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். புள்ளிக் கதையைக் கேட்டதும் அவருடைய பிறந்தவீட்டு நெல்லறையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். கானாடுகாத்தான் உறுதி. இப்போது சிக்கல் திருமயம்: ஞாயிறு காலை கோட்டைக்கு ஏறிவிட்டு ஆத்தங்குடிக்கும் போய், சாப்பிட்டு, பறவையும் பார்த்து இரவுக்குள் கோவை வர முடியுமா? கோட்டையில் அத்தை என்ன செய்வார்?

நார்த்தாமலை நாடோடி:

முடியாது. ஆத்தங்குடியா, பறவையா, ஒன்றைத்தான் எடுக்க முடியும். பையனைக் கேளுங்கள், அவன்தான் பின்சீட்டில் உட்கார்ந்து வரப்போகிறவன்.

திருமயத்தில் அத்தைக்குத்தான் அதிக லாபம். கானாடுகாத்தானிலிருந்து அரைமணி நேரம்கூட ஆகாது, ஏழரைக்கெல்லாம் போய்விடுங்கள். கோட்டைப் பாறையின் தென்புறத்திலேயே இரண்டு குடைவரைக் கோயில், சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் பக்கத்துப் பக்கத்தில். பள்ளிகொண்ட பெருமாள் மலையையே குடைந்து செய்த பேருருவம், 108 திவ்யதேசங்களில் ஒன்று. அத்தையும் நீங்களும் அங்கே நிதானமாகச் சேவித்துக்கொண்டிருக்கும்போது அப்பாவும் பையனும் கோட்டைக்கு ஏறிவிட்டு வரட்டும். 1687இல் ராமநாதபுரத்துச் சேதுபதி கட்டியது, உச்சியில் பீரங்கி ஒன்று நிற்கிறது. நடுவழியில் பாறை நெற்றியில் குடைந்த சின்ன லிங்கக் கோயிலுக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும், பையன் அதைத்தான் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லுவான். கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும், அதனால் தாமதிக்காதீர்கள்.

அப்புறம், புதுக்கோட்டையில் வெள்ளி ராத்திரி முட்டை மாஸ் கேட்டுச் சாப்பிடுங்கள். அவித்த முட்டையைத் துண்டாக்கி வெங்காய மசாலாவில் பிரட்டித் தருவார்கள். உறைக்கும். பையனுக்குப் பரோட்டாவும் சர்க்கரையும்.

வளவுவீட்டு ஆச்சி:

பரோட்டாவும் சர்க்கரையுமா! சனிக்கிழமை காலையில் வேறு எங்காவது குழிப்பணியாரம் வாங்கிக் கொடுங்கள் அம்மா, பிள்ளை பாறை ஏற வேண்டுமே. ஊருக்குத் தேன்குழலும் சீப்புச் சீடையும் வாங்கும்போது மணகோலத்தில் அரைக் கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள், காரிலேயே தீர்ந்துவிடும்.