அவரை ஏன் பூக்கலை? ஆடிப்பட்டத்துக் கொடிகள்: அனுபவப் பகிர்வு

பல்லடம்:
"கொடி பந்தல் முழுக்க ஏறிருச்சு, ஒரு பூக்கூட இல்லை." ஆவணி, புரட்டாசி வந்தா இந்தக் கேள்வி வராம இருக்காதுங்க. சத்துப் பத்தலைன்னு யூரியா வெச்சுராதீங்க, இன்னும் இலைதான் தழையும். நாட்டுப் பந்தல் அவரை பகல் குறுகினாத்தான் பூக்கும். ஐப்பசிக்கு மேலதான் பூங்கொத்து தலை காட்டும், மார்கழியில காய் பறிக்கலாம். அதையே தையில ஊன்றினா பகல் நீண்டுக்கிட்டே போகும், கொடி மட்டும் ஓடும். கோடையில காய் வேணும்னா குத்து அவரை போடுங்க. அதுக்குப் பகல் நீளமும் கணக்கில்லை, பந்தலும் வேண்டாம்.

20 லிட்டர் வளர்ப்புப் பைக்கு 3 விதை, ஒரு அங்குல ஆழம். முளைச்சதும் தேறினது ஒண்ணை விட்டுட்டு மத்ததைக் கத்தரியில வெட்டுங்க. பிடுங்கினா நிக்கிற செடியோட வேரும் சேர்ந்து அறுந்துரும்.

உடுமலை:
பல்லடம் அக்கா சொன்னதோட காத்தையும் சேர்த்துக்கோணுங்க. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நம்ம பக்கம் மழை கொடுக்கிறதை விட ஈரத்தை உறிஞ்சுறதுதான் அதிகம். மொட்டைமாடியில காலையில ஊத்தின தண்ணி மத்தியானம் தாங்காது. நிழல்வலையை மேற்குப் பக்கம் திரை மாதிரி கட்டுங்க. அந்த மாசங்கள்ல கூரையாக் கட்டினா காத்து கம்பியோட தூக்கிரும். பந்தல் குச்சியைப் பையில நடாதீங்க, கொடி கனத்ததும் பையே சாஞ்சுரும். பைக்கு மேல காஞ்ச இலைதழை 2 அங்குலம் மூடாக்குப் போட்டாப் போதும்.

பொள்ளாச்சி:
பையில நிரப்புற கலவை இதுங்க: செம்மண் 2 பங்கு, மக்கின தொழுவுரம் 1, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1, பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்டைக் கழுவாமக் கலந்தா அதுல இருக்கிற உப்பு இலை ஓரத்தைக் கருக்கிரும். ஊறவெச்சுப் பிழிஞ்சு, டிக்காஷன் நிறத்துல வர்ற தண்ணி வெளுக்கிற வரைக்கும் மாத்துங்க. போர் தண்ணியிலயும் உப்புங்க. மண்ணு மேல வெள்ளைப் படலம் கட்டுனா, மழைத்தண்ணியைப் பைக்கு அடியில ஒழுகுற அளவுக்கு ஊத்தி விடுங்க.

கோபி:
சுரைப் பிஞ்சு விரல் நீளத்துல மஞ்சளாகி உதிர்ந்தா பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலர்றது. காலையில தேடினா சுரைப்பூ வாடிக் கிடக்கும். அந்தியில டார்ச் எடுத்துக்கிட்டுப் போங்க. பூவுக்கு அடியில குட்டிக்காய் இருந்தா பெண், வெறும் காம்பு இருந்தா ஆண். ஆண்பூவைப் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, நடுவுல இருக்கிற மஞ்சள் தூளைப் பெண்பூவோட நடுவுல இருக்கிற சூலகமுடியில மெதுவாத் தடவுங்க. ஒரு ஆண்பூவுல ரெண்டு, மூணு பெண்பூவுக்குத் தடவலாம். ஐப்பசியில அந்திமழை பிடிச்சா பூவுக்கு மேல சின்னக் காகிதக் கூம்பு கவுத்து வைங்க, மகரந்தம் நனைஞ்சா வேலைக்காகாது. நம்ம கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பின பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி, நல்லா வடிகட்டித் தெளிங்க. வடிகட்டலைன்னா தெளிப்பான் மூக்கு அடைச்சுக்கும்.

ஈரோடு:
பல குடும்பம் சேர்ந்து போடுற தோட்டத்துல பழ ஈயை மறந்துராதீங்க. பாகல், பீர்க்குல ஒருத்தர் பாத்தியில சொத்தைக் காய் உதிர்ந்து கிடந்தா, புழு மண்ணுக்குள்ள இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறை எல்லார் பாத்திக்கும் வரும். குப்பைக்குழியில போட்டாலும் இதே கதைதான். பொறுக்கின காயைப் பாலித்தீன் பையில இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயில்ல போட்டுட்டு, பொறவு உரக்குழிக்குக் கொண்டு போங்க. பொறுக்கிற முறையை வீட்டுக்கு ஒரு நாள்னு எழுதி மோட்டார் ரூம் கதவுல ஒட்டிருங்க.