பெரிய டியூபா, குள்ளமான நான்: ஸ்டாண்டு வாங்குவதா, நாற்காலியை மாற்றுவதா?

தாமிரபரணிக்காரன்:
எங்கள் ஆலயப் பிராஸ் பேண்டில் பத்து ஆண்டுகளாக ஈ ஃபிளாட் டியூபா (மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளை வாத்தியம்) வாசித்தேன். பெரியவர் ஒருவர் விலகியதால் சித்திரை முதல் பி ஃபிளாட் டியூபா என் மடிக்கு வந்துவிட்டது. முன்னதன் குழாய் நீளம் ஏறக்குறைய 13 அடி, இதற்கு 18. எடை பத்து கிலோ. என் உயரம் 158 செ.மீ.

இருபது நிமிடத்தில் பிடரி வலிக்கிறது, இடது தொடை மரத்துப்போகிறது, கீழ்ச் சுரங்கள் நடுங்குகின்றன. மவுத்பீஸ் மூக்குக்கு நேரே நிற்பதால் மோவாயைத் தூக்கிக்கொண்டு ஊதுகிறேன். அண்ணன் கூரையில் பல்லி தேடுகிறார் என்று கார்னெட் பையன் கேலி செய்கிறான்.

பிரதிஷ்டைப் பண்டிகை, அசன விருந்து என்று ஊர் ஊராகப் போகிறோம். பந்தல்காரர் போடும் பிளாஸ்டிக் நாற்காலிதான் கிடைக்கும். வேனில் ஏற்ற வசதியாக எந்த ஸ்டாண்டு வாங்கலாம்?

மூன்று வால்வு:
தேங்காய்ப்பூத் துண்டை நான்காக மடித்து வாத்தியத்துக்கு அடியில் வையுங்கள். ஏழு ஆண்டுகளாக நான் அப்படித்தான் வாசிக்கிறேன். செலவே இல்லை.

பழைய பேண்ட் மாஸ்டர்:
மூன்று வால்வு தம்பி, நீங்கள் ஆறடி ஆள் என்று முன்பே சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு மவுத்பீஸ் தாழ்ந்து நிற்கும், துண்டு உதவும். இவர் துண்டு வைத்தால் நெற்றியால்தான் ஊத வேண்டும்.

தாமிரபரணித் தம்பி, முதலில் அளந்து பாருங்கள். வாத்தியம் இல்லாமல் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்காருங்கள். தரையிலிருந்து உதடு எவ்வளவு உயரம்? பிறகு டியூபாவை வாசிக்கும் சாய்வில் பிடித்து, அடி வளைவிலிருந்து மவுத்பீஸ் வரை செங்குத்தாக அளக்கச் சொல்லுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வாத்தியம் நிற்க வேண்டிய உயரம் வந்துவிடும்.

தாமிரபரணிக்காரன்:
உதடு 107 செ.மீ., டியூபா 68. மீதி 39. ஆனால் நாற்காலியின் இருக்கையே 45 செ.மீ. உயரம்!

பழைய பேண்ட் மாஸ்டர்:
அதுதான் சங்கதி. தொடை நடுவே நாற்காலியில் ஊன்றினாலும் ஆறு செ.மீ. அதிகம். இருக்கைக்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் தரையில் நிற்கும் ஸ்டாண்டுதான் வழி: மூன்று கால், உயரம் மாற்றும் தண்டு, மேலே வாத்தியம் உட்காரும் வளைந்த தாங்கி. இடைவேளையில் வாத்தியத்தை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டையும் அதே பெயரில் விற்பார்கள்; ஏமாந்துவிடாதீர்கள். நாற்காலியோடு சேர்த்துப் பொருத்துகிற வகையும் உண்டு. பந்தல் நாற்காலியை நம்பி அதை நான் வாங்கமாட்டேன்.

ஆனால் பாதிக் குற்றம் நாற்காலியுடையது. பிளாஸ்டிக் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். இடுப்பு உள்ளே போய் வயிறு மடியும். கீழ்ச் சுரத்துக்கு வேண்டிய காற்று எங்கிருந்து வரும்? சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்த ஆர்னால்டு ஜேக்கப்ஸ் உட்கார்ந்திருக்கும்போதும் இடுப்புக்கு மேலே நிற்கிறவனைப் போல இருக்கச் சொன்னவர். டிரம்ஸ் வாசிப்பவர்களின் மடக்கும் ஸ்டூல் வாங்குங்கள். சமதளம், கைப்பிடி இல்லை, உயரம் மாற்றலாம். பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், அது முக்கியம்.

வெள்ளிப்பூச்சு:
தாங்கியில் ரப்பர் சுற்றியிருந்தால் மேலே பருத்தித் துணி கட்டுங்கள். ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளி முலாமைக் கறுக்கவைக்கும். எங்கள் ஈ ஃபிளாட்டின் அடியில் வளையம் வளையமாகக் கறை, இன்றும் போகவில்லை.

தாமிரபரணிக்காரன் (மூன்று வாரம் கழித்து):
ஸ்டூல் வாங்கிவிட்டேன். ஸ்டாண்டை எங்கள் தெரு வெல்டிங் பட்டறையில் செய்வித்தேன். முதல் முறை தாங்கி வாட்டர் கீயை (குழாயில் சேரும் நீரை வெளியேற்ற அழுத்தித் திறக்கும் சிறு மூடி) அழுத்திக்கொண்டே இருந்தது. காற்று கசிந்து, ஒரு சுரமும் நிற்கவில்லை. வாத்தியத்தையே பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய், அந்த இடத்தில் இரண்டு விரல் அகலம் வெட்டச் சொன்னேன். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியாயிற்று.

போன ஞாயிறு வெளியூர்ப் பண்டிகை. மணல் முற்றத்தில் ஒரு கால் புதைந்து டியூபா சாயப் பார்த்தது. சமையல் ஆட்களிடம் பலகைத் துண்டு ஒன்று வாங்கிப் போட்டேன். இப்போது வேனில் ஒரு ப்ளைவுட் சதுரம் நிரந்தரமாகக் கிடக்கிறது. பிடரி வலி இல்லை. தொடை மட்டும் கொஞ்சம்.

இன்னொரு சந்தேகம்: ஜெபத்தின்போது அசைந்தால் ஸ்டூல் திருகு கீச்சென்கிறது. போதகர் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறார்.

மூன்று வால்வு:
திருகைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் தடவுங்கள். இருக்கையும் தண்டும் சேரும் இடத்தில் நைலான் வாஷர் ஒன்று போடுங்கள். இந்த முறை துண்டு என்று சொல்லமாட்டேன்.