ஷார்ப்னஸ் பூஜ்ஜியத்தில்தான் இருக்க வேண்டுமா?

கதிர்நிழல்:
புதுத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய ஒருவர், படத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்று நேற்று இந்த மன்றத்தில் கேட்டிருந்தார். படத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஷார்ப்னஸ் அமைப்பைப் பற்றி வெண்திரை அதற்குத் தந்த பதில் இது: “ஷார்ப்னஸைப் பூஜ்ஜியத்தில் வையுங்கள். அதற்கு மேல் வைப்பவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது.” கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை, ஏனென்றால் இதே அறிவுரையை நம்பிக் கெட்டவன் நான்.

என்னுடையது 55 அங்குலப் பெட்டி. ஷார்ப்னஸ் 50-இல் இருந்தது, பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். செய்தி வாசிப்பவரின் புருவத்தில் அதுவரை முடி முடியாகத் தெரிந்த இடத்தில், விரலால் தீற்றிய மை போல ஒரு கரும்பட்டைதான் மிஞ்சியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தேன். பட்டை பட்டையாகவே இருந்தது. 50-க்குத் திரும்பியதும் புருவமும் திரும்பி வந்தது. கண்ணால் கண்ட இதை மறுத்து, எனக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று ஒருவர் சொல்வாரானால், அவர் தம்முடைய பூஜ்ஜியத்தை முதலில் நிரூபிக்கட்டும்.

வெண்திரை:
நிரூபிக்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். முழு எச்டி படத்தின் ஒவ்வொரு சட்டகத்திலும் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள் உள்ளன. 4கே என்றால் அதைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளியும் எந்த நிறத்தில், எவ்வளவு ஒளியோடு இருக்க வேண்டும் என்பது சமிக்ஞையிலேயே வந்துவிடுகிறது. ஷார்ப்னஸ் அந்தப் புள்ளிகளோடு ஒன்றைக்கூடப் புதிதாகச் சேர்ப்பதில்லை. கருமையும் வெண்மையும் சந்திக்கும் விளிம்பைத் தேடிப் பிடித்து, கரும்பக்கத்தை இன்னும் கருப்பாகவும் வெண்பக்கத்தை இன்னும் வெளுப்பாகவும் ஆக்குகிறது. அதன் வேலை அதோடு முடிந்தது. நீங்கள் கண்ட புருவ முடி ஒளிப்பதிவாளர் பிடித்த முடியன்று, உங்கள் பெட்டி மை தீட்டிய முடி.

நம்பிக்கை இல்லையென்றால், வானத்தின் குறுக்கே மின்கம்பி ஓடும் ஒரு காட்சியை நிறுத்திவைத்துத் திரைக்கு அருகே போய்ப் பாருங்கள். ஷார்ப்னஸ் ஏறியிருக்கும் பெட்டியில் கம்பியின் இருபுறமும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று கூடவே ஓடும். வானத்திலும் அப்படி ஒரு கோடு இல்லை, கேமராவும் அதைப் பிடிக்கவில்லை. ஃபிலிமில் எடுத்த பழைய படங்களைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஃபிலிமின் மென்மையான மணித்துகள்களையும் பெட்டி விளிம்பென்று எண்ணிக்கொள்வதால், நடிகரின் கன்னத்தில் எறும்பு ஊர்வது போல இருக்கும். இதைத்தான் நீங்கள் தெளிவு என்கிறீர்கள்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்ஈடி திரை பற்றிய இழையிலும் இதே கதிர்நிழல்தான், கடைக் காட்சியில் கண்ட, நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் மோடே இயற்கையான நிறம் என்று மூன்று பக்கம் வாதாடினார் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். ஷார்ப்னஸ் பூஜ்ஜியம்தான். இதில் பேரம் இல்லை.

பழம்பெட்டி:
முப்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்க்கிறவன் என்ற உரிமையில் பேசுகிறேன். ஷார்ப்னஸ் என்பது ஏமாற்று வேலை என்பதுபோல வெண்திரை எழுதுவது, அந்த அமைப்பு ஏன் பிறந்தது என்பதே தெரியாமல் எழுதுவதாகும். குழாய்ப் பெட்டிக் காலத்தில் ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும். நிறத்தைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி, படத்தின் நுண்ணிய விவரங்களைத் தாங்கும் உயர் அதிர்வெண்களையும் சேர்த்தே விழுங்கிவிடும். அப்படி இழந்ததை ஓரளவு தூக்கிக் கொடுப்பதற்காகத்தான் அந்தத் திருகு வைக்கப்பட்டது. அதைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினால் படம் நீராவி படிந்த கண்ணாடி போல ஆகும். என் கையால் ஆயிரம் முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

கதிர்நிழல் கண்டது அதே மங்கலாக இருக்கலாம். ஓவர்ஸ்கேன் அணைக்கப்படாமல் இருந்ததாகவும் இருக்கலாம். பல பெட்டிகள் இன்றைக்கும் படத்தின் ஓரங்களைச் சிறிது வெட்டிவிட்டு, மிஞ்சியதை இழுத்துத் திரையை நிரப்புகின்றன. அப்படி இழுத்தால் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு உடைந்து எல்லா விளிம்பும் மழுங்கும். முதலில் பட அளவு அமைப்பில் போய் அதை அணைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் “பூஜ்ஜியம், பேரம் இல்லை” என்று தீர்ப்பெழுதுபவர், பிளாஸ்மா வகைத் திரை இன்னும் பல்லாண்டு வாழும் என்று பழைய இழையில் தீர்ப்பெழுதியவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவர் எழுதிய அதே 2013-இல்தான் பானசோனிக் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது.

வெண்திரை:
பிளாஸ்மாவின் கருமையும் அசைவுத் தெளிவும் சிறந்தவை என்றுதான் அன்று எழுதினேன். இன்றும் அந்தச் சொல்லில் நிற்கிறேன். தயாரிப்பு நின்றுபோனதால் அதன் படம் மோசமாகிவிடாது. அந்த இழையில் என்னைப் பதில் எழுத விடாமல் பூட்டியது யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

குழாய்ப் பெட்டியின் வரலாற்றைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் கலவைச் சமிக்ஞை போய், எச்டிஎம்ஐ கம்பி வழியாக எண்ணாக வந்து எண்ணாகவே இறங்கும் படத்துக்கு அந்த மருந்து எதற்கு? நோய் போன பின்னும் மருந்து தின்றால் அது வேறொரு நோயாகும். ஓவர்ஸ்கேனை அணைக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவே இல்லை. அதை அணைத்துவிட்டு ஷார்ப்னஸையும் பூஜ்ஜியமாக்குங்கள்.

நுண்நோக்கி:
இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இருவரும் “பூஜ்ஜியம்” என்று ஒரே சொல்லைச் சொல்கிறீர்கள், ஆனால் ஒரே பொருளில் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஷார்ப்னஸ் அளவுகோல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானதன்று. சில பெட்டிகளில் பூஜ்ஜியம் என்றால் எதையும் கூட்டவில்லை என்று பொருள். வேறு சிலவற்றில் நடுவிலுள்ள எண்தான் நடுநிலை. அதற்குக் கீழே போனால் பெட்டி படத்தை வேண்டுமென்றே மழுக்கும். சோனியின் பல பெட்டிகளில் 50 என்பதே நடுநிலை. ஒரே பெட்டியில்கூட எச்டிஎம்ஐ உள்ளீட்டைக் கணினி என்று பெயர் மாற்றினால் நடுநிலை எண் இடம் மாறிவிடுவது உண்டு.

நடுநிலையைக் கண்டுபிடிப்பதும் கடினமன்று. மடிக்கணினியிலிருந்து சாம்பல் நிறப் பின்னணியில் ஒரு புள்ளி அகலமுள்ள கருங்கோடுகள் சிலவற்றைத் திரைக்கு அனுப்புங்கள். ஷார்ப்னஸை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். கோட்டை ஒட்டி, சாம்பலைவிட வெளுத்த ஒரு நிழல் எந்த எண்ணில் தோன்றுகிறதோ, அதற்கு முந்தைய எண்ணில் நிறுத்துங்கள். இறக்கும்போது கோடு அகன்று சாம்பலோடு கரையத் தொடங்கினால், நீங்கள் நடுநிலையைத் தாண்டிக் கீழே போய்விட்டீர்கள். ஆகவே கதிர்நிழலும் வெண்திரையும் தத்தம் பெட்டி எந்த நிறுவனத்தது, எந்த மாடல் என்று சொன்னால் இந்த விவாதம் இப்போதே முடிந்துவிடும்.

கதிர்நிழல்:
எந்த நிறுவனமானால் என்ன? நான் பேசுவது என் கண் கண்ட புருவத்தைப் பற்றி. பூஜ்ஜியத்தில் முடி இல்லை, 50-இல் முடி உண்டு. இரண்டையும் கைப்பேசியில் படமெடுத்து மேலே இணைத்திருக்கிறேன்; யார் வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம். விவிட் மோடைப் பற்றி நான் சொன்னதைத் திரித்ததற்கு வெண்திரை வருத்தம் தெரிவிக்க வேண்டும். வெயில் வரும் கூடத்தில் பகல் நேரத்தில் சினிமா மோட் இருண்டு கிடக்கிறது என்றுதான் அன்று எழுதினேன்.

வெண்திரை:
இருண்டு கிடந்தால் திரையின் பின்னொளியான பேக்லைட்டை ஏற்ற வேண்டும். விவிட் மோடுக்கு ஓடுவது தீர்வாகாது. அந்த மோடில் வெள்ளை நீலம் பாய்ந்து கிடக்கும். எச்டி படங்களுக்கான தரநிலையில் வெள்ளை என்பது ஏறத்தாழ 6500 கெல்வின் நிற வெப்பநிலை. வார்ம் என்ற அமைப்புதான் பெரும்பாலும் அதற்கு அருகில் நிற்கும். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரிந்து, கண் பழகியதும் அதுவே வெள்ளையாகிவிடும்.

கைப்பேசிப் புகைப்படத்தைச் சான்றாகக் கொண்டுவந்ததற்கு என்ன சொல்வது? கைப்பேசிக் கேமரா தான் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தானே ஷார்ப்னஸ் கூட்டிவிடும். மை தீட்டிய முடிக்கு மேல் இன்னொரு முறை மை தீட்டிவிட்டு, பார், எவ்வளவு கறுப்பு என்கிறீர்கள். அதே படத்தில் செய்தி வாசிப்பவரின் தோள் ஓரத்தைப் பாருங்கள், வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிகிறது. நீங்களே இணைத்த சான்று உங்களுக்கே எதிராகப் பேசுகிறது.

இரவுக்காட்சி:
ஷார்ப்னஸுக்காக இத்தனை பேர் இத்தனை நேரம் செலவிடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. படத்தை உண்மையில் கொல்வது மோஷன் ஸ்மூத்திங். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. பெட்டி அவற்றுக்கு இடையே தானாகக் கற்பனைச் சட்டகங்களைப் புகுத்தி, நல்ல படத்தையும் தொலைக்காட்சித் தொடர் போல வழுக்கிக்கொண்டு ஓட வைக்கிறது. டாம் குரூஸ் 2018-இல் இதை அணைக்கச் சொல்லி ஒரு காணொளியே வெளியிட்டார். படம் எடுத்தவர் நினைத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் 2019-இல் அறிவிக்கப்பட்டதற்கும் இதுதான் பெரிய காரணம்.

வெண்திரை:
இரவுக்காட்சி சொல்வது சரி. அதே ஃபிலிம்மேக்கர் மோட், மோஷன் ஸ்மூத்திங்கோடு சேர்த்து ஷார்ப்னஸ் கூட்டலையும் அணைக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்ல மறந்துவிட்டார். படம் எடுத்தவர்களே எதையும் கூட்டாதே என்று கேட்கிறார்கள். இதைவிடப் பெரிய சான்று எது?

ஆனால் ஸ்மூத்திங்கை அணைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். நொடிக்கு 60 முறை படம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் பெட்டியில் 24-ஐச் சமமாகப் பங்கிட முடியாது; ஒரு சட்டகத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டுவதால், கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் தட்டித் தட்டி நகரும். 120 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றையும் ஐந்து முறை காட்டினால் கணக்கு நேராகும். என்னுடையது 120 ஹெர்ட்ஸ் பெட்டி. அதிலும் ஷார்ப்னஸ் பூஜ்ஜியம்தான்.

இரவுக்காட்சி:
ஓஎல்ஈடியில் புள்ளிகள் மிக விரைவாக மாறுவதால், 120 ஹெர்ட்ஸ் இருந்தாலும் 24 சட்டகப் படம் வெட்டி வெட்டித்தான் தெரிகிறது. கணக்கு நேரானால் கண்ணுக்கும் நேராகிவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். நான் ஷார்ப்னஸைப் பற்றிப் பேசவே இல்லை. என் கருத்தைத் தம் பூஜ்ஜியத்துக்குச் சாட்சியாக இழுக்க வேண்டாம் என்று வெண்திரையைக் கேட்டுக்கொள்கிறேன்.

பழம்பெட்டி:
எங்கிருந்து பேசினாலும் பூஜ்ஜியத்துக்கே வந்து நிற்கிறார். எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று இதுவரை யாராவது கேட்டீர்களா? 55 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். முழு எச்டி படத்தின் ஒரு புள்ளியை நல்ல பார்வையுள்ளவர் பிரித்துக் காணும் தூரம் அந்த உயரத்தைப் போல மூன்று மடங்கு, அதாவது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். நான்கு மீட்டரில் சோபாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வெண்திரையின் வெள்ளைக் கோடு எங்கே தெரியப் போகிறது? அவருக்குச் சிறிது ஷார்ப்னஸ் கூட்டிக் கொடுத்தால் குற்றமா? என்னிடம் பெட்டியைக் கொண்டுவருபவர்களுக்கு நான் அப்படித்தான் வைத்துக் கொடுக்கிறேன். ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

வெண்திரை:
கெடுத்துக் கொடுத்தது தெரியாததால் குறை சொல்லவில்லை. தூரத்தில் உட்கார்ந்தால் விவரம் குறையும் என்பது இயற்கை. அருகே வந்து உட்காருங்கள், அல்லது பெரிய திரை வாங்குங்கள். விளிம்பில் சுண்ணாம்பு அடித்து அதை ஈடுகட்ட முடியாது.

நுண்நோக்கி:
மூன்றாவது முறையாகக் கேட்கப் போவதில்லை, இது இரண்டாவது முறை: இரு பெட்டிகளின் மாடல் எண்ணையும் தயவுசெய்து சொல்லுங்கள்.

கதிர்நிழல்:
கைப்பேசிப் படம் செல்லாது என்பதால் இன்று மாலை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு திரையின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தேன். 50-இல் அந்த இடது புருவத்தின் முனையில் ஏழு முடிகளை எண்ணினேன். பூஜ்ஜியத்தில் ஒன்றைக்கூட எண்ண முடியவில்லை. தோள் ஓரத்தில் வெள்ளைக் கோடு எதுவும் இல்லை. அது அரங்கத்தின் பின்விளக்கு. இதற்கு வெண்திரை பதில் சொல்லட்டும்.

வெண்திரை:
பின்விளக்கு என்றால் ஒரு தோளில் தெரியும், இரு தோளிலும் ஒரே அகலத்தில் தெரியாது. அந்த நிகழ்ச்சியின் அதே பகுதியை நாளை என் பெட்டியில் போட்டு, பூஜ்ஜியத்தில் வைத்து, புருவத்தை எண்ணி எழுதுகிறேன். அதுவரை புதிதாகப் பெட்டி வாங்கியவர்கள் நான் சொன்னதையே பின்பற்றலாம்.

கதிர்நிழல்:
உங்கள் பெட்டியில் நீங்கள் எண்ணுவது எனக்கு எதற்கு? என் பெட்டியில் ஏழு.