கேப்ரியோலே: அவசரமாக ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே, சிறுவர்களுக்கான வண்டி வரலாறு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஓடிய கேப்ரியோலே: இரண்டு சக்கரம், ஒற்றைக் குதிரை, மடக்குக் கூரை. லண்டனுக்குப் போனதும் பெயர் ‘கேப்’ என்று சுருங்கிவிட்டது. நாம் இன்று செல்பேசியில் அழைக்கும் கேப்பும் அதுதான். வெறும் ‘குதிரை வண்டி’ என்றால் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது.

*

ஐயா, வேரைப் பாருங்கள். லத்தீனில் ஆட்டைக் குறிக்கும் சொல், இத்தாலியத்தில் துள்ளலாகி, பிரெஞ்சில் வண்டியாயிற்று. மலையில் துள்ளும் ஆட்டுக்கு நம்மிடம் ‘வருடை’ இருக்கிறது. பரிபாடல் மேட ராசியையே வருடை என்கிறது. ஆகவே ‘வருடையூர்தி’.

*

நேற்று என் ஏழாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன் ஐயா. “வருடத்துக்கு ஒருமுறை ஓடுமா சார்?” என்றாள் ஒருத்தி. ‘துள்ளுவண்டி’ போதும்.

*

துள்ளுவண்டி வினைத்தொகை. துள்ளிய, துள்ளுகிற, துள்ளும், மூன்று காலமும் அடங்க வேண்டும். இன்றைய கேப்ரியோலே கார் எங்கே துள்ளுகிறது? கூரைதான் மடிகிறது. பேருந்தைப் பார்த்து யாரும் ‘துள்ளுந்து’ என்று கிளம்பிவிடாதீர்கள், குதிரை இழுக்கும், உந்தாது. போகிற போக்கில் ஒன்று: 1891இல் ஜெர்மானியர் புரூன் கட்டணம் காட்டும் மீட்டரைச் செய்தார். டாக்ஸிமீட்டர் பொருத்திய கேப், ‘டாக்ஸிகேப்’. அதை ஊரார் இரண்டாக வெட்டி, இரு துண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டார்கள். முதல் துண்டுக்கு ‘வாடகைக் கார்’ என்கிறோம். இரண்டாவதற்கு?

*

இவ்வளவு தூரம் எதற்கு? ஜட்கா இருக்கிறதே! அதுவும் இரு சக்கரம், ஒற்றைக் குதிரை. இந்தியில் ‘ஜட்கா’ என்றால் குலுக்கல். பிரெஞ்சுக்காரனுக்கு வண்டி துள்ளியது, நமக்குக் குலுக்கியது.

*

ஜட்காவில் வைக்கோல்மேல் காலை மடக்கி உட்கார வேண்டும். கேப்ரியோலேயில் இருக்கை உண்டு. அதோடு ஜட்கா தமிழா?

*

‘கேப்’ தமிழா?

*

நன்றி. நாளை வெள்ளி. முதல் இடத்தில் ‘கேப்ரியோலே என்னும் துள்ளுவண்டி’, பிறகு துள்ளுவண்டி, லண்டன் பத்தியிலிருந்து கேப். ஜட்கா படக்குறிப்பில் வரும்.

*

படத்தில் கூரை மடக்கியிருக்கிறதா, விரித்திருக்கிறதா? விரித்திருந்தால் ‘வருடை’க்கு ஓர் அடைப்புக்குறியாவது கொடுங்கள், இடம் இருக்கும்.