ஊர்த் தியேட்டரில் பழைய படம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காரைக்குடி, செக்காலை
நம்ம திரைப்படக் கழகத்தில் 'அந்த நாள்' போட்டார்களே, அந்தக் காலைக் காட்சிக்கு வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 1954 படம். பாட்டே கிடையாது. சிவாஜி தொடக்கத்திலேயே குண்டடி பட்டு விழுந்துவிடுவார். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

என் வரிசையில் ஓர் ஆச்சி, மடியில் தூக்குவாளியோடு. இடைவேளை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் சிவாஜியின் மனைவியாக வரும் பண்டரிபாய் நடந்ததைச் சொல்லும் இடத்தில் முன் சீட்டைப் பிடித்து எழுந்து நின்று, "நீ வேற என்னத்தா செய்வே" என்றார்கள். கத்தவில்லை. அடுப்படியில் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் சொல்கிற குரல்தான். நாலைந்து வரிசைக்குக் கேட்டிருக்கும், ஒருவரும் சிரிக்கவில்லை. விளக்குப் போட்டதும் பேரன் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டான். அந்த ஆச்சி யார் வீட்டு ஆச்சி, யாருக்காவது தெரியுமா?

தேவகோட்டை
நானும் வந்திருந்தேன், பால்கனியில். எனக்கு ஆச்சி குரல் கேட்கவில்லை. என்னை உறுத்துவது வேறு. படத்துக்கு முன்னால் பேசிய தம்பி, "இது நம்ம காரைக்குடியிலேயே எடுத்த படம்" என்றார், எல்லோரும் கை தட்டினார்கள். இல்லை. ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார் காரைக்குடி பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்தது 'நாம் இருவர்'. 1947-இல் வந்தது. 1948-இல் ஸ்டூடியோ கோடம்பாக்கம் போய்விட்டது. 'அந்த நாள்' அதற்கும் ஆறு வருஷம் கழித்து அங்கே எடுத்தது.

'நாம் இருவர்' போட்ட அன்று நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' தொடங்கியதும் பின்னால் டிக்கெட் கிழிக்கிற பெரியவர் கதவைத் திறந்து உள்ளே வந்து, பாட்டு முடிகிறவரை கையில் டார்ச்சோடு நின்றே கேட்டார். சுதந்திரம் வருவதற்கு முன்பே "ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்" என்று திரையில் பாடியது நம்ம ஊர்க் கொட்டகையில் எடுத்த படம்! கை தட்ட வேண்டியது இதற்கு.

பள்ளத்தூர்
என் அனுபவம் சின்னது. 'அந்த நாள்' பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு வந்தேன், சீட் அப்படி.

கழகத்துக்காரர்கள் இதைப் படித்தால் சில விஷயம். அந்தக் காலப் படங்கள் கிட்டத்தட்ட நாலுக்கு மூன்று அளவில் எடுத்தவை. அதை அகலத் திரைக்கு இழுத்துப் போட்டால் எல்லா முகமும் உப்பித் தெரியும். இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். அப்புறம் சத்தம். அது ஒற்றைத் தடத்தில் பதிந்த ஒலி. சுற்றியுள்ள ஸ்பீக்கரிலெல்லாம் விட்டால் வசனம் கலங்கும், திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரில் மட்டும் விடுங்கள். யூடியூபில் இறக்கிப் போட வேண்டாம். உரிமை வைத்திருப்பவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லையாம், என் மனைவி சொன்னாள். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற மாதிரி நேரம் வையுங்கள். படம் ஓடும்போது பேசக்கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாக அறிவித்துவிடுங்கள். பழைய படத்தில் ஒரு வசனம் விட்டால் போச்சு.

கானாடுகாத்தான்
பள்ளத்தூர் அண்ணே, திரை, சத்தம், தாழ்ப்பாள் எல்லாம் சரி. பேசக்கூடாது என்பதை மட்டும் ஒப்ப மாட்டேன்.

'பாசமலர்' அன்று என் மாமியாரைக் கூட்டிப் போனேன். கல்யாணக் காட்சியில் சாவித்திரியைப் பார்த்து "அண்ணனை விட்டுட்டுப் போகாதடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசிப் பகுதி தொடங்குகிற நேரம் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார்கள். பின்னாலேயே ஓடினேன். சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். 1961-இல் தம்பியோடு பார்த்த படமாம். அந்தத் தம்பி பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போகவில்லை, இங்கேயே பக்கத்து வளவில் இருந்து, பாகப் பிரிவினையில் பேச்சை நிறுத்தி, பேசாமலே போய்ச் சேர்ந்தவர். "முடிஞ்சிருச்சா, நல்லாப் பாரு" என்று என்னை இரண்டு தடவை உள்ளே அனுப்பினார்கள்.

அடுத்த படத்துக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று வாசலில் எழுதிப் போட்டால் வர மாட்டார்கள். செக்காலைக்காரர் தேடுகிற ஆச்சியும் வர மாட்டார்கள்.