பழைய வீட்டுக் கணினி: ராம், எஸ்எஸ்டி, வைரஸ் தடுப்பு மென்பொருள் – எதற்குச் செலவிடலாம்?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டு மேசைக்கணினி 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஆகியவை உள்ளன. மகளின் பாடங்கள், வங்கிப் பணிகள், என் கடையின் ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் இதில்தான். இப்போது மிகவும் மெதுவாக இயங்குகிறது. ராமை 16 ஜிபி ஆக்கி, மூன்றாண்டுச் சந்தாவுடன் வைரஸ் தடுப்பு மென்பொருளும் விண்டோஸ் 11-உம் போட்டுத் தருவதாகப் பழுதுபார்ப்பவர் சொல்கிறார். இது சரியான செலவா?

மறுமொழி 1

விண்டோஸ் 11-க்கு இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு உண்டு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவித் தருபவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் அளிப்பதில்லை. வங்கிப் பணி நடக்கும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன்.

உங்கள் கணினி மெதுவாக இருப்பதற்கு முதற்காரணம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். சுழலும் தட்டில் ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடிப் பிடிக்க ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் ஆகிறது. விண்டோஸ் தொடங்கும்போது அத்தகைய கோப்புகள் ஆயிரக்கணக்கில் படிக்கப்படுகின்றன. சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகமான சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தினாலே வேறுபாடு தெரியும். நாளை புதுக் கணினி வாங்கினாலும் அதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், ஆனால் டிடிஆர்3 ராம் இன்றைய மதர்போர்டு எதிலும் பொருந்தாது. ஆகவே 16 ஜிபி வேண்டாம். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் பழைய 4 ஜிபி ராம் ஒன்று கிடைத்தால் சேர்த்து 8 ஆக்கிக்கொள்ளுங்கள், போதும்.

மறுமொழி 2

பாதுகாப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதுமானது. வேறொரு வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுவினால் டிஃபெண்டர் பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் பணம் அதற்கு மாற்றாகத்தான் போகிறதே தவிர, கூடுதல் காவலுக்கு அன்று.

2017 மே மாதத்தில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், சந்தாவைவிட அவசரமானது இதுதான்: நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் உண்டு. மகளுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். கணக்கு மென்பொருள் உரிமம் வாங்காமல் பூட்டு உடைக்கப்பட்டதாக (கிராக்) இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். அந்தக் கிராக் கோப்புக்காக வைரஸ் தடுப்பை நாமே அணைத்து வைக்கும் வழக்கம்தான் தீங்குநிரல்களுக்கு ராஜபாட்டை.

கேட்டவர்

மிக்க நன்றி. எஸ்எஸ்டி வாங்கிவிடுகிறேன். கழற்றிய ஹார்ட் டிஸ்கை யுஎஸ்பி உறையில் போட்டு, ஜிஎஸ்டி கணக்கின் காப்புநகலை அதில் வைக்கலாமா?

மறுமொழி 3

வைக்கலாம், ஆனால் அதில் மட்டும் வைக்காதீர்கள். இத்தனை ஆண்டுகள் ஓடிய டிஸ்க் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் நிலையைப் பார்த்து, ‘எச்சரிக்கை’ என்று காட்டினால் ஒதுக்கிவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தாலும் இன்னொரு நகல் பென்டிரைவிலோ மேகச் சேமிப்பிலோ இருக்கட்டும். நகலெடுத்து முடித்தவுடன் யுஎஸ்பி வடத்தைக் கழற்றிவிடுவது முக்கியம். இணைத்தே வைத்திருந்தால், பணயத் தீநிரல் கணினியோடு சேர்த்து அந்த டிஸ்கையும் பூட்டிவிடும்.

விண்டோஸ் 10-லேயே தொடர்வது என்ற ஒன்றில் மட்டும் மறுமொழி 2 எழுதியவரோடு உடன்பட முடியவில்லை. மகளின் பாடங்களுக்கும் வங்கிக்கும் உலாவி போதும் என்றால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் இந்த 2014 கணினியிலேயே, 2026-க்குப் பிறகும் புதுப்பிப்புகளோடு ஓடும். உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் இயங்குமா என்று தெரிவித்தால் மேலும் சொல்கிறேன்.