சோதனை ஓட்டத்திலேயே பல்லை இளித்த பழைய சொகுசு கார்கள்: மன்ற உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

பழைய டீசல்:

நான் பார்க்கப் போனது ஒன்பது ஆண்டு ஓடிய ஜெர்மானிய டீசல் செடான், டெல்லிப் பதிவெண். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டு, உச்ச நீதிமன்றமும் 2018இல் அதை உறுதிசெய்த பிறகு, அங்கிருந்து தெற்கே இறங்கிய வண்டிகளின் கதை இங்குள்ளவர்களுக்குத் தெரியாததல்ல. விலை 11 லட்சம். தடையில்லாச் சான்று தயாராக இருப்பதாகத் தரகர் சொன்னார்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டினேன். வேகத்தடைகள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பின்னிருக்கையில் இருந்த அப்பா, பேசாமல் முன்பணத்தைக் கொடுத்துவிடு என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். திரும்பும் வழியில் ஒரு தேநீர்க்கடையில் நிறுத்தி, விலை பேசியபடியே இருபது நிமிடம் நின்றிருந்தோம். பேச்சு முடிந்து திரும்பிப் பார்த்தபோது, முன்பக்க இடது சக்கரத்தின் மேற்பாதி மட்கார்டுக்குள் போயிருந்தது. மற்ற மூன்று மூலைகளும் நிமிர்ந்தே இருக்க, முன்னங்கால் ஒன்றை மடக்கிப் படுக்கப் போகும் மாட்டைப் போல அந்த வண்டி நின்றது. தரகர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “வண்டி ரெஸ்ட் எடுக்குது சார், ஸ்டார்ட் பண்ணா எழுந்துடும்” என்றார். ஸ்டார்ட் செய்ததும் காற்றடிக்கும் கம்ப்ரஸர் முனகியது. வண்டி மெல்ல எழுந்தும் நின்றது. நாங்கள் காலையில் போனபோதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததும், ஏசி குளிரட்டும் என்று போட்டு வைத்தேன் என்று அவர் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

வாங்காமல் வந்துவிட்டேன், உறுத்துவது அதுவல்ல. நாங்கள் வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது, அடுத்துப் பார்ப்பதற்காகக் கைக்குழந்தையுடன் ஓர் இளம் தம்பதி அங்கே காத்திருந்தார்கள். எஞ்சின் அணைக்கப்படவில்லை. வண்டி நேராக நின்றது.

கத்திப்பாரா:

பழைய டீசல் அவர்களே, வண்டியைக் காற்றுப்பைகளின் மேல் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனைக் கண்டு நீங்கள் அவ்வளவு மிரண்டிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த மூலையின் காற்றுப்பையிலோ குழாயிலோ கசிவு. கசிவைச் சமாளிக்க ஓடி ஓடிக் கம்ப்ரஸரும் தேய்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், பழுது எது, செலவு எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு விலையில் குறைத்திருக்கலாம். அஞ்ச வேண்டியது கியர்பாக்ஸுக்கு.

நான் ஓட்டிப் பார்த்தது இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர் கொண்ட வண்டி. புறவழிச் சாலையில் வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போயிற்று. மாலை ஆறு மணிக்குக் கத்திப்பாரா மேம்பாலத்தில், ஏறுமுகத்தில், நின்று நின்று நகர்ந்த கால்மணி நேரத்தில் கிளட்ச் சூடேறியது. முதலில் ஒரு நடுக்கம். பிறகு கியர் எழுத்து திரையில் மின்னியது. பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் மட்டும் கத்தியது, வண்டி பின்னோக்கி உருண்டது. கண்ணாடியில் ஒரு மாநகரப் பேருந்தின் முகப்பு நிறைந்திருந்தது. நான் பிரேக்கில் காலை ஊன்றியபோது இரண்டுக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்குமா என்பதே ஐயம். பக்கத்தில் இருந்த உரிமையாளரின் ஓட்டுநர், இது அடிக்கடி நடப்பதுதான் என்ற தொனியில், ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னார். செய்தேன், ஒன்றுமே நடவாததுபோல ஏறியது. காலியான சாலையில் மட்டும் ஓட்டிக் காட்ட விரும்பும் விற்பனையாளரை அதன் பிறகு நான் நம்புவதில்லை.

கோவை ஸ்பேனர்:

என் அனுபவம் சிறியது. நண்பருக்காக ஒரு வண்டியைப் பார்க்கப் போய், வண்டியின் கணினியில் பதிவான பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தினேன். பிழைக்குறி ஒன்றுகூட இல்லை. நண்பர் மகிழ்ந்துபோனார். ஆனால் குறிகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரம் என்று ஒரு வரி உண்டு. அதில் 3 கிலோமீட்டர் என்று இருந்தது. விற்றவரின் வழக்கமான ஒர்க் ஷாப்பும் அங்கிருந்து சரியாக 3 கிலோமீட்டர்தான். அவரிடம் அந்த எண்ணைக் காட்டினேன். அவர் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தே நிமிட ஓட்டத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி வேகம் எடுக்க மறுத்து ஒரே கியரில் ஊர்ந்தது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பானெட்டில் கைவைத்துப் பார்க்காமல் சாவியை வாங்காதீர்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின் தேய்ந்திருந்தால் அதன் கடகடப்பு, குளிர்ந்த எஞ்சினை முதன்முதலாகக் கிளப்பும் சில நொடிகளில்தான் காதில் விழும். காலையிலேயே ஒருவர் கிளப்பி வைத்துவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று. இக்னிஷனை ஆன் செய்ததும் எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் அனைத்தும் எரிந்து அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு பழுதில்லாததன் அடையாளம் அன்று. யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். வெப்பமானி முள் நடுவில் நிற்கிறது என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். இவ்வகை வண்டிகள் பலவற்றில் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். உண்மையான அளவை ஸ்கேனரில்தான் பார்க்க முடியும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். வண்டி 20 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்பவரின் வண்டியில் நான்கும் மாற்றிய டயர்கள் என்றால், எதற்காக மாற்றினார் என்று கேளுங்கள். கத்திப்பாரா நண்பர் சொன்ன நடுக்கமும் எல்லா இடத்திலும் கிளட்ச் தேய்மானம் அன்று. எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் ஈரக் கிளட்ச் வகையில் காலம் தவறிய எண்ணெய் மாற்றமும் காரணமாக இருக்கலாம். அதைப் பார்க்காமல் கியர்பாக்ஸையே குற்றம் சொல்வது அவசரம்.

கத்திப்பாரா:

அவசரம்தான் ஐயா. பின்னால் பேருந்து நின்றிருந்தது.

நீலாங்கரை:

ஸ்கேனர் இருந்தால் போதும் என்பதுபோல ஸ்பேனர் அண்ணன் எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். நானும் கணவரும் பார்த்த வண்டியை அவருடைய தம்பி ஸ்கேனர் போட்டுப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றே சொன்னான். 2016 ஏப்ரல் அது. அதற்கு முந்தைய டிசம்பரில் சென்னையில் எத்தனை கார்கள் நீருக்கடியில் கிடந்தன என்பதை அடுக்ககத்தின் அடித்தளத்திலேயே வண்டியைப் பறிகொடுத்த எங்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. இருந்தும் ஏமாறப் பார்த்தோம். உள்ளே நறுமணத் திரவியம் மூக்கைத் துளைத்தது. தோல் இருக்கைகள் புதியனபோலப் பளபளத்தன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டிச் சுங்கச்சாவடியில் பணம் கொடுக்கக் கண்ணாடியை இறக்கினேன். அது மேலே ஏறவில்லை. பொத்தானை அழுத்த அழுத்த, எதிர்ப்பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் திரை, ஏசி, கடைசியில் எஞ்சின் என எல்லாம் அணைந்தன. பின்னால் ஹாரன் சத்தம். என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கைப் பட்டையை அவிழ்த்தேன். கைதவறி அதை முழு நீளத்துக்கும் இழுத்துவிட்டேன் போலும். வழக்கமாகச் சுருளுக்குள்ளேயே கிடக்கும் அந்தக் கடைசி ஒரு சாண் பகுதியில் குறுக்கே ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு ஒருபுறம் கறுப்பு, மறுபுறம் உலர்ந்த சேற்றின் பழுப்பு. விரலால் தேய்த்தேன்; பொடியாக உதிர்ந்தது. எங்கள் வண்டியில் படிந்திருந்த அதே நிறம்.

கணவரும் சுங்கச்சாவடி ஊழியர் ஒருவரும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். விற்றவர் கைப்பேசியை எடுக்கவில்லை.

பழைய டீசல் ஐயா, ஒன்று கேட்கலாமா? அந்தத் தம்பதியிடம் நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? எங்களுக்கு முன் அந்த வண்டியைப் பார்த்துவிட்டுப் போன ஒருவரும் இப்படித்தான் வாயைத் திறக்காமல் போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

கோவை ஸ்பேனர்:

சகோதரி சொல்வது சரி. நீரில் மூழ்கிய வண்டியின் மின் இணைப்பிகளில் பச்சைக் களிம்பு பூப்பதற்குச் சில காலம் ஆகலாம், அதுவரை ஸ்கேனருக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும் பாருங்கள். துரு அங்கே ஒளிந்திருக்கும். ஆனால் வாங்குபவரைத் தேடிப் போய் எச்சரிப்பது நம் வேலையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. தரகர் தகராறுக்கு வருவார்.

பழைய டீசல்:

தகராறுக்குப் பயந்து நான் பேசாமல் இருக்கவில்லை. அப்பா அந்தத் தரகரிடம் வேறொரு வண்டி இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அதை நான் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. குழந்தையின் தந்தை என்னைப் பார்த்து, வண்டி எப்படி ஓடுகிறது சார் என்று கேட்கவும் செய்தார். முதற்பதிவில் இதை எழுதாமல் விட்டுவிட்டேன். நன்றாக ஓடுகிறது என்றேன்.